களத்து நெல்லில் ஏரிக்கும் பங்கு இருந்தது

இப்போது அறுவடை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் வருகிறது, மணிக்கணக்குப் போட்டு வாடகை வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போகிறது. நெல் தார்ப்பாயில் காய்கிறது. 40 கிலோ மூட்டையாகக் கட்டி கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றுகிறீர்கள். ஆள் கூலி, இயந்திர வாடகை, உரக்கடை பாக்கி எல்லாம் போக மிச்சம் வீட்டுக்கு. இந்தக் கணக்கில் உங்கள் ஊர் ஏரிக்கு என்று ஏதாவது எடுத்து வைக்கிறீர்களா? இல்லை. யாரும் வைப்பதில்லை. ஏரி அரசாங்கத்தின் வேலை என்று விட்டுவிட்டோம்.

சுமார் 260 ஆண்டுகளுக்கு முன்பு செங்கல்பட்டுச் சீமையில் இது வேறு மாதிரி நடந்தது. களத்தில் குவித்த நெல்லை நிலத்துக்காரரும் சர்க்காரும் பிரித்துக்கொள்வதற்கு முன்பே பலர் பங்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கோயிலுக்கு ஒரு பங்கு. கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியாருக்கு, பஞ்சாங்கம் சொல்பவருக்கு என்று தனித்தனியே பங்கு. அந்த வரிசையில் ஏரிப் பராமரிப்புக்கும் ஒரு பங்கு உண்டு. இதை நான் கதையாகச் சொல்லவில்லை. ஓலையில் எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. அதிலும் திருப்போரூர் கணக்கு அச்சில் புத்தகமாகவே வந்திருக்கிறது.

வெள்ளைக்காரப் பயணிகள் நம் சீமையைப் பற்றி எழுதி வைத்ததை வைத்துக்கொண்டு, அவர்கள் போன வழியிலேயே ஒருமுறை போய்ப் பார்க்கும் ஆசை எனக்குப் பல வருஷமாக உண்டு. அரண்மனை, போர், ராஜா ராணி கதைக்காக அல்ல. ஏரிக்கரை எவ்வளவு உயரம், மதகு எப்படி, ஏற்றம் எங்கே இறைத்தது என்று வழியில் கண்டதை எழுதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்த எழுத்து இன்றைய விவசாயிக்குப் பயன்படும் என்பது என் எண்ணம். எப்படி என்று பாருங்கள்.

திருப்போரூர் ஓலை

1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். கைக்கு வந்த சீமையில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. அதற்காக தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767-ல் தொடங்கி 1774 வரை அவர் ஊர் ஊராகப் போய் அளந்தார். சுமார் 2,000 ஊர்கள்.

அவர் எல்லாவற்றையும் தானே எண்ணிவிடவில்லை. அந்தந்த ஊர்க் கணக்குப்பிள்ளைகளை வைத்து ஓலையில் தமிழில் எழுத வைத்தார். அதிலிருந்து சுருக்கி எடுத்ததுதான் ஆங்கிலக் கணக்கு. சுருக்கம் சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓலைகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வெகு காலம் யாரும் சீண்டாமல் கிடந்த இந்தக் கணக்குகளை 1960-களில் தேடி எடுத்து வெளியே சொன்னவர் காந்தியவாதி தரம்பால். பிறகு சென்னையில் உள்ள சமாஜநீதி சமீக்ஷண கேந்திரம் என்ற ஆய்வு மையத்தின் ஆட்கள் ஓலைகளைப் படித்தார்கள். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகளை 2001-ல் புத்தகமாகப் போட்டார்கள்.

ஓலையில் என்ன இருக்கிறது? ஊரின் மொத்த நிலம் எத்தனை காணி. அதில் ஏரி எவ்வளவு, குளம் எவ்வளவு, தோப்பு, காடு, மனை, நஞ்சை, புஞ்சை, தரிசு எவ்வளவு என்று இருக்கிறது. எத்தனை வீடு, எந்த வீட்டில் யார், என்ன தொழில் என்று இருக்கிறது. எத்தனை கலம் நெல் விளைந்தது, யார் யாருக்கு எவ்வளவு போனது என்பதும் இருக்கிறது. உங்கள் கிராம நிர்வாக அலுவலர் இன்று வைத்திருக்கும் அடங்கலையும் 'அ' பதிவேட்டையும் மக்கள்தொகைக் கணக்கையும் சேர்த்துக் கட்டினால் எப்படியோ, அப்படி.

படிக்கப் போகிறவர்கள் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. 100 குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, இன்றைய கணக்கில் சுமார் 1.32 ஏக்கர். அதே காணியை 24-ஆகப் பிரித்தால் ஒரு மனை 2,400 சதுர அடி. ஆமாம், பழைய மாமல்லபுரம் சாலை ஓரத்தில் பலகை வைத்து விற்கிறார்களே, அதே கிரவுண்டுதான். நெல்லுக்கு 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். மரக்கால் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பழைய கலக் கணக்கை அப்படியே கிலோவாக மாற்றி, இன்றைய மகசூலோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள்.

பங்கு எடுத்த முறை

களத்தில் பங்கு மூன்று நேரத்தில் பிரிந்தது. போரடிப்பதற்கு முன் கதிர்க்கட்டாகச் சிலருக்கு. அடித்த பின் தூற்றும் நேரத்தில் சிலருக்கு. மரக்கால் போட்டு அளக்கும்போது கலத்துக்கு இவ்வளவு என்று சிலருக்கு. இதற்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். இது தவிர, சில வேலைகளுக்கு வரியில்லா நிலமே விட்டிருந்தார்கள், அது மானியம். இன்றும் உங்கள் ஊரில் 'கோயில் மானியம்', 'தச்சன் மானியம்' என்று வயலுக்குப் பெயர் இருந்தால், அது இந்தக் கணக்கின் மிச்சம்.

ஏரியின் பங்கு இதில் எங்கே வருகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். விளைச்சல் நல்ல வருஷத்தில் ஏரிக்குக் கூடுதல் நெல் சேரும். அதை வைத்து அடுத்த கோடையில் கரை கட்டலாம், மதகு சரி செய்யலாம். விளைச்சல் குறைந்த வருஷத்தில் பங்கும் குறையும். மனு எழுதி, எஸ்டிமேட் போட்டு, நிதி ஒதுக்கீடு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஏரியில் தண்ணீர் பாய்ந்த வயலின் நெல்லே ஏரியைப் பார்த்துக்கொண்டது.

இது கம்பெனிக்காரன் கண்டுபிடித்ததும் அல்ல. திருப்போரூரிலிருந்து உத்திரமேரூருக்கு ஒருநாள் போய் வாருங்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியவை, இருக்கின்றன. குடவோலை என்று எல்லோரும் பாடத்தில் படித்த கல்வெட்டு அதுதான். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஓட்டுப் போட்டதைப் பெருமையாகச் சொல்கிறோம். எதற்காக ஓட்டுப் போட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். பங்கு எல்லோருக்கும் இருந்தது. நிலம் எல்லோருக்கும் இல்லை. மிராசு சிலர் கையில். வயலில் இறங்கிய சேரி மக்களுக்கு நெல்லில் பங்கு உண்டு, மண்ணில் உரிமை கிடையாது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்கீர் அந்த மக்களின் நிலையை விவரமாக எழுதி அறிக்கை கொடுத்தார். அதன் பிறகுதான் 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு 1994-ல் காரணை ஊர் மக்கள் போராடியபோது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்ததை இந்தப் பக்கத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நூறு வருஷத்துப் பழைய காகிதம் ஒன்று ஏழை விவசாயிக்கு ஆதாரமாக நின்றது. பழைய கணக்கைத் தேடச் சொல்வதற்கு எனக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

1800 சித்திரையில் வந்த டாக்டர்

பர்னார்ட் அளந்து முடித்த ஆறே ஆண்டில், 1780-ல், ஹைதர் அலியின் படை இந்தச் சீமையில் இறங்கியது. காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிப் படை தோற்றது. ஊர்கள் எரிந்தன, ஆட்கள் ஓடினார்கள், ஏரிகளைப் பார்க்க ஆளில்லை. அதனால்தான் பர்னார்ட் ஓலைக்கு மதிப்பு அதிகம். அழிவதற்கு முந்தைய கணக்கு அது.

அழிந்த பிறகு எப்படி இருந்தது என்று சொல்ல இன்னொருவர் இருக்கிறார். பிரான்சிஸ் புக்கானன், ஸ்காட்லாந்துக்காரர், தொழில் வைத்தியம், ஆசை தாவரங்கள் மேல். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, கைக்கு வந்த மைசூர்ச் சீமையில் என்ன பயிர், எந்த மாடு, எப்படி உழவு, என்ன நெசவு என்று பார்த்து எழுதும்படி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவரை அனுப்பினார். 1800 ஏப்ரல் 23 அன்று அவர் சென்னையிலிருந்து கிளம்பினார். எழுதியது 1807-ல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சானது.

மைசூருக்குப் போகிற வழிதானே என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் என்று முதல் சில நாள் நடந்த வழியையும் எழுதினார். இன்று இந்த வழி முழுவதும் தார்ச்சாலை. மோட்டார் சைக்கிளில் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அவரைப் போலவே சித்திரை மாதத்தில் போங்கள். வெயில் கொளுத்தும், ஆனால் ஏரியின் அடிமண் தெரியும் மாதம் அதுதான். அவரும் சென்னையை விட்டதும் முதலில் கண்டது கோடையில் காய்ந்து கிடந்த வெறும் பூமியைத்தான். குன்றத்தூரை நெருங்கியதும் பச்சை வருகிறது. மனம் மாறி அழகான ஊர்ப்பக்கம் என்று எழுதுகிறார். என்ன காரணம்? செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர்.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். மலைமேல் முருகனைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே மேற்கே பாருங்கள், ஏரி தெரியும்.

செம்பரம்பாக்கத்தில் அவர் கண்டது

புக்கானன் ஏரியைப் பார்த்து அசந்துதான் போனார். இது தோண்டிய குளமல்ல, இரண்டு மேட்டு நிலத்துக்கு நடுவே இருந்த பள்ளத்தின் வாயைக் கரை கட்டி அடைத்தது என்பதை முதலிலேயே பிடித்துவிட்டார். ஏழெட்டு மைல் நீளம், மூன்று மைல் அகலம் என்று எழுதினார். மழை பொய்த்தாலும் 18 மாதத்துக்கு 32 ஊர் நிலங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் என்றும் எழுதினார். பஞ்சம் வரக்கூடிய நாட்டில் இப்படி ஓர் ஏரிக்கு விலையே கிடையாது என்பது அவர் கருத்து.

நீள அகலத்தை அவர் யாரிடமோ கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். அந்த அளவைப் பெருக்கினால் வரும் பரப்பில் பாதிகூட இன்றைய நீர்ப்பரப்பு இல்லை. 225 ஆண்டில் ஏரி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று யாராவது இதை வைத்து எழுதினால் நம்பாதீர்கள். கரை அதே இடத்தில்தான் இருக்கிறது. பயணி சொன்ன எண் வேறு, அளந்தவர் சொன்ன எண் வேறு. பயணியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணை அல்ல, அவர் கண்ணால் கண்டதை.

கண்ணால் கண்டதை எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். கோடி என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வதைக் காதில் கேட்டு அதே சொல்லை எழுதுகிறார். கலங்கலில் 20, 30 அடி அகலத்துக்குக் கல் பாவி, தண்ணீர் பாய்ந்து கரையை அரிக்காதபடி சரிவாக அடுக்கியிருப்பதைச் சொல்கிறார். அதன்மேல் வரிசையாகக் கல் தூண் நட்டிருப்பதைச் சொல்கிறார். அந்தத் தூண்கள் எதற்கு? உங்கள் ஊர் ஏரியில் இருந்தால் போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை அடிக்கும்போது தூண்களுக்கு நடுவே திறந்து விட்டிருப்பார்கள், வெள்ளம் வழிந்து போய்விடும். மழை தணியும் நேரம் பார்த்து, தூண்களுக்கு இடையே புல்கரணையும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். கலங்கல் மட்டத்துக்கு மேலே இன்னும் ஓர் அடி, இரண்டடி தண்ணீர் நிற்கும். எப்போது அடைப்பது என்பதில்தான் சூட்சுமம். முந்தி அடைத்தால் கரை உடையும். பிந்தி அடைத்தால் தை மாதத்தில் தண்ணீர் போதாது. அதைத் தெரிந்தவரைத்தான் சில ஊர்களில் நீர்க்கட்டி என்றும் சில ஊர்களில் கம்புகட்டி என்றும் வைத்திருந்தார்கள். அவருக்கும் களத்தில் பங்கு.

அதேபோல மதகு. கரைக்கு உள்ளே, ஏரியின் அடிமட்டத்தில் கல்லால் கட்டிய தூம்பு. அதன் வாயில் வட்டத் துளை. துளையில் பொருந்தும் முளை ஒரு நீண்ட கழியின் நுனியில் இருக்கும். கழி ஆடாமல் நிற்க இரண்டு பக்கமும் நீருக்கு மேலே தெரியும்படி கல் தூண்கள். கழியைத் தூக்கினால் தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும். இரும்பு ஷட்டரும் திருகும் வருவதற்கு முன் தமிழ்நாடு முழுக்க இதுதான். இன்றும் பல ஏரிகளில் அந்த இரட்டைத் தூண் நிற்கிறது. பார்த்தும் பார்க்காமல் போகிறோம்.

கிணறு இருந்த இடங்களில் ஏற்றம் இறைத்ததையும் அவர் விடவில்லை. 'யாத்தம்' என்று காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஏற்றம் மிதித்த தாத்தா உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவர் வாயிலும் அந்த ஒலிதான் வந்திருக்கும்.

இப்போது அந்த 32 ஊர்களைத் தேடிப் போகாதீர்கள். செம்பரம்பாக்கம் இன்று சென்னையின் குடிநீர் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. பத்திரிகையில் தினமும் நீர்மட்டம் வருகிறது, ஆனால் வயலுக்காக அல்ல. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் போனபோது நாடே இந்த ஏரியின் பெயரைச் சொன்னது. கீழே இருந்த நஞ்சையில் பெரும்பகுதி இன்று வீடும் கம்பெனியும். நகரத்துக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஏரியின் கீழ் இருந்த விவசாயம் போனது எந்தக் கணக்கில் எழுதப்பட்டது? 1800-ல் வந்த வழிப்போக்கர் ஒருவர் எழுதியதுதான் நமக்குக் கிடைக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் வரை அவர் வழியே போங்கள். வழியில் கார் தொழிற்சாலைகள்தான் அதிகம் கண்ணில் படும்.

மதுராந்தகத்துக் கலெக்டர்

புக்கானன் வந்த நேரத்தில் ஏரிகள் ஓரளவு தேறியிருந்தன என்றால், அதற்கு லயனல் பிளேஸ் என்ற கலெக்டருக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. 1794 முதல் 1798 வரை ஜாகீரை நிர்வகித்து, 1799-ல் நீண்ட அறிக்கை எழுதியவர். இவரைப் படித்தவர்களைவிடக் கும்பிடப் போகிறவர்கள்தான் அதிகம் அறிவார்கள். 1798 மழையில் மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில், கரையைப் பார்க்கப் போன துரைக்கு வில்லோடு இருவர் காவல் நிற்பது தெரிந்தது என்பது ஏரிகாத்த ராமர் கோயில் கதை. தாயார் சன்னதியில் அவர் பெயரில் கல்வெட்டும் இருக்கிறது. கதையை நம்புவது உங்கள் விருப்பம். எனக்கு அதில் பிடித்தது வேறு: அடை மழையில், இரவில், ஒரு கலெக்டர் ஏரிக்கரையில் நின்றிருக்கிறார்.

ஆனால் அதே கம்பெனி ஆட்சியில்தான் களத்துப் பங்குகள் ஒவ்வொன்றாகச் சர்க்கார் கணக்குக்குள் போயின. வரி ரூபாயாக மாறியது, ரயத்துவாரி வந்தது, ஏரிக்கென்று தனியாக நெல் எடுத்து வைக்கும் வழக்கம் நின்றது. 1876-78 பெரும் பஞ்சத்தில் செத்தவர்கள் செத்த பிறகுதான், 1883-ல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி ஏரி ஏரியாக அளந்தார்கள். அந்த அளவுகளை வைத்து எழுதிய குறிப்பேடுகளுக்கு மெமாயர் என்று பெயர். கரை மட்டம், கலங்கல் மட்டம், மதகின் அடிமட்டம், ஆயக்கட்டு எல்லாம் அதில் உண்டு. நீர்வளத் துறை அலுவலகத்தில் இன்றும் அந்தச் சொல் புழங்குகிறது.

இனி உங்கள் ஊர்

திருப்போரூர் பக்கம் புக்கானன் வரவில்லை. இந்தக் கரைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் மாமல்லபுரத்துப் பாறைகளைப் பார்க்க வந்தார்கள். வில்லியம் சேம்பர்ஸ் 1772-லும் 1776-லும் வந்து போய், 1788-ல் கட்டுரை எழுதினார். அதன் பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கற்கோயிலைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். கோயிலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் ஏரிக்கு ஏரி தொடுத்து ஒரு சீமையே இருப்பதை அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைய சுற்றுலாப் பயணியும் அப்படித்தான்.

அதனால் இந்த ஊர்களுக்கு நீங்கள்தான் பயணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் ஊரின் கிராம வரைபடம் ஒன்று வேண்டும். ஏரி, ஓடை, வரத்துக் கால்வாய், களம், மேய்க்கால் ஆகியவற்றின் சர்வே எண்கள் வேண்டும். 'அ' பதிவேட்டு விவரமும் புல வரைபடமும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஏரியின் மெமாயர் அல்லது அதன் பதிவு விவரம் கிடைக்கவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறை கையில். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தில். மனுவைத் தப்பான ஆபீசில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

ஏரிக்கு மேலேயிருந்து நடக்கத் தொடங்குங்கள், கரையிலிருந்து அல்ல. இதுதான் முக்கியம். எல்லோரும் கரையில் நின்று ஏரியில் தூர் வார வேண்டும் என்கிறார்கள். தண்ணீர் வருகிற வழி அடைபட்டிருந்தால் எவ்வளவு தூர் வாரினாலும் பள்ளம்தான் ஆழமாகும். மேல் ஏரியின் கோடியிலிருந்து உங்கள் ஏரியின் உள்வாய் வரை வரைபடத்தில் கால்வாய் எந்தச் சர்வே எண்களில் வருகிறது, நேரில் எந்த இடத்தில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுச் சாலைக்கு அடியில் சிறு குழாயாகச் சுருங்கியிருக்கலாம். சுற்றுச்சுவருக்குள் போயிருக்கலாம். அந்தச் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுக்கும் மனுவுக்கும், 'கால்வாய் ஆக்கிரமிப்பு' என்று பொதுவாகக் கொடுக்கும் மனுவுக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

பிறகு கலங்கலுக்கு வாருங்கள். அதன் மட்டத்தை யாராவது இடித்துத் தாழ்த்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். உள்வாயில் பயிர் வைத்தவர்கள், மனை வாங்கியவர்கள் இரவோடு இரவாக ஓர் அடி தட்டிவிடுவது நடக்கிற விஷயம்தான். ஓர் அடி என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 100 ஏக்கர் நீர்ப்பரப்பில் ஓர் அடி என்றால் 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடித் தண்ணீர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு நடவு முதல் அறுப்பு வரை சுமார் 4 அடித் தண்ணீர் தேவை. ஆக, ஆவியாவதும் கசிவதும் தனி, 25 ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர் அந்த ஓர் அடியில் போகிறது. கலங்கல் மேல் பழைய கல் தூண்கள் இருந்தால் அவற்றைப் பிடுங்கி எறிய விடாதீர்கள். அவை எந்த உயரத்துக்கு நிற்கின்றன என்று அளந்து எழுதுங்கள்.

வண்டலையும் கணக்குப் பார்க்கலாம். அதே 100 ஏக்கரில் ஓர் அங்குலம் வண்டல் என்றால் சுமார் 10,000 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் 3,400 நடை. இது ஒரு காண்டிராக்டர் ஒரு மாதத்தில் செய்து முடிக்கிற வேலை அல்ல. அந்தக் காலத்தில் கோடைதோறும் வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்கு அடித்தார்கள். இன்றும் விவசாயத்துக்கு வண்டல் மண் இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அனுமதி கொடுக்கிறார். நிலத்தின் சிட்டா, அடங்கலோடு விண்ணப்பம் கொடுத்து, பட்டியலில் உங்கள் ஏரி இருக்கிறதா என்று பாருங்கள். கரை அடியை ஒட்டித் தோண்ட விடாதீர்கள், கரை பலவீனமாகும்.

கடைசியாக, ஊரில் வயதானவர்களைக் கரைக்கு அழைத்து வாருங்கள். முன்பு நீர்க்கட்டி யார், எந்த மதகுக்கு முதல் தண்ணீர், கடைமடைக்கு எத்தனை நாள் முறை, அறுப்பில் அவருக்கு எத்தனை கட்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்பது வயதுக்காரருக்கு நினைவிருக்கும். பர்னார்டின் கணக்குப்பிள்ளை எழுதிய அதே விஷயம்தான் இது. அவருக்கு ஓலை, உங்களுக்கு நாற்பது பக்க நோட்டு.

அந்த நோட்டை ஊரின் பாசன சங்கக் கூட்டத்தில் வையுங்கள். சங்கம் இல்லை என்றால் பத்து ஆயக்கட்டுதாரர்கள் கையெழுத்தோடு கிராமசபையில் வையுங்கள். மூட்டைக்கு ஒரு ரூபாய் ஏரிக்கு என்று கொள்முதல் பணத்திலிருந்து எடுத்து வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 50 மூட்டை என்றால் 50 ரூபாய். 200 ஏக்கர் ஆயக்கட்டுக்கு ஒரு போகத்தில் 10,000 ரூபாய். ஏரியைத் தூர் வார இது காணாது. மதகு ஷட்டருக்கு எண்ணெய் போட, கரையில் முள்ளை வெட்ட, ஐப்பசியில் மணல் மூட்டை அடுக்கி வைக்க, தண்ணீர் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் காணும். மூட்டைக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள்; முதலில் பத்துப் பேர் கொடுத்தால் போதும்.

சித்திரை முடிவதற்குள் நடந்துவிடுங்கள். ஆடியில் ஒரு மழை பெய்தால் உள்வாயில் கோரை முளைத்து, கால்வாய் எது வயல் எது என்று தெரியாமல் போய்விடும்.